நாகைக் கடலும் பினாங்கு வானும்: முப்பது நாள் முதல் நான்கு மணி வரை

தூரம் என்பது அளவுகோலால் அறியப்படுவது. நேரம் என்பது கடிகாரத்தால் அறியப்படுவது. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் என்றும் மாறுவதில்லை. ஆனால், அத்தூரத்தைக் கடப்பதற்கு ஆகும் நேரமோ காலந்தோறும் மாறிக்கொண்டே வந்துள்ளது. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து சென்றால் ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே கண்டுவிடலாம். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அவ்வாறு ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான வழி, சோழமண்டலக் கரைக்கும் பினாங்குத் தீவுக்கும் இடைப்பட்ட கடல்வழியேயாகும்.

சென்னை விமான நிலையத்திற்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து ஜோர்ஜ் டவுனுக்கு நேர்கோடு இழுத்தால் அது ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர். கடல்மைல் கணக்கில் 1,260. நிலப்படத்தை விரித்து இக்கோட்டை இழுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். வங்கக் கடலின் குறுக்கே செல்லும் அந்தக் கோடு, நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள பெரிய நிக்கோபாரை ஒட்டியே செல்கிறது. அதற்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவே உள்ள வாயில்தான் கப்பல்கள் மலாக்கா நீரிணைக்குள் நுழையும் வழி. எனவே, கடலில் செல்வோர்க்கும் வானில் செல்வோர்க்கும் இங்கே தூரம் பெரிதும் வேறுபடுவதில்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு மாநக்கவாரமும் இடம்பெற்றிருப்பதன் காரணத்தை இந்த ஒரு கோடு விளக்கிவிடும். மாநக்கவாரம் என்பது நிக்கோபார். கடாரம் என்பது பினாங்கிற்கு எதிரே பெருநிலத்தில் உள்ள கெடா. 1025-ஆம் ஆண்டில் சோழர் கடற்படை சென்ற திசையிலேதான் இக்காலத்து விமானமும் பறக்கிறது.

வழி ஒன்று, தூரம் ஒன்று. மாறியவை எவை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

காற்றுக்குக் காத்திருந்த காலம்

இவ்வழியில் பயணம் செய்வதற்கு ஆன நாள்களைக் குறித்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சீனத்திலிருந்து கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குச் சென்ற துறவியர் பலரின் வரலாறுகளை இத்சிங் என்னும் துறவி தொகுத்து எழுதினார். அவர்களுள் வூசிங் என்பார், ஸ்ரீவிஜய மன்னனின் கப்பலில் ஏறிக் கெடாவை அடைந்தார். அங்கே கப்பல் மாறி, குளிர்காலத்தின் இறுதியில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, முப்பது நாள்களில் நாகப்பட்டினத்தை அடைந்தார். அங்கிருந்து இரண்டு நாள்களில் இலங்கை சேர்ந்தார் என்பது அக்குறிப்பின் செய்தி.

முப்பது நாள் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 78 கிலோமீட்டர். மணிக்கு மூன்றே கால் கிலோமீட்டர். ஒரு மனிதன் தரையில் நிதானமாக நடக்கும் வேகத்திற்கும் குறைவானது இது. எனினும், அக்காலப் பயணத்தின் உண்மையான நீளம் இந்த முப்பது நாளில் அடங்கிவிடவில்லை. குளிர்காலத்தின் இறுதியில் புறப்பட்டார் என்னும் சொற்களிலேதான் மீதிச் செய்தி அடங்கியிருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மலாய்க் கரையிலிருந்து மேற்கே செல்வதற்குத் துணைசெய்வது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றோ சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே வருவதற்கு உதவுவது. ஆகவே, வந்த காற்றில் வந்தவன் திரும்பும் காற்றுக்காக மாதக் கணக்கில் காத்திருந்தே தீரல் வேண்டும். போக ஒரு மாதம், வர ஒரு மாதம் என்றாலும், போய்வருவதற்கு ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இக்காத்திருப்பு வீணாகப் போகவில்லை என்பதே வரலாற்றின் வியப்பு. காற்றுக்காகத் தங்கிய வணிகர், தங்கிய இடத்தில் பண்டகசாலை கட்டினர்; வழிபட இடம் அமைத்தனர்; உறவு கொண்டனர். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து எடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அத்தகைய தங்கலின் அடையாளங்கள். மறுகரையிலும் அவ்வாறே நடந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் எழுப்பினான் என்பதையும், அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான் என்பதையும் லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் செப்பேடுகள் கூறுகின்றன. பட்டினப்பாலை பூம்புகார்த் துறைமுகத்திற்கு வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருள்களையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோதும் கப்பல்கள் காற்றையே நம்பியிருந்தன. சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய கரையூர்களிலிருந்து பாய்மரக் கப்பல்களில் வந்து புதிய நகரில் குடியேறினர். சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்கா, கடலோடிகள் தங்கள் ஊரின் ஆண்டகையை இக்கரையிலும் நினைந்ததற்குச் சான்று. 1801-ஆம் ஆண்டில் தோற்றம் கொண்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் பாய்மரக் காலத்துச் சின்னங்களேயாகும். 1867 வரை பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியின் பகுதியாகவே இருந்தன என்பதும் கருதத்தக்கது. சட்டத்தின் கண்ணில் அன்று இக்கரை அயல்நாடன்று. காற்றின் கண்ணிலேதான் அது தொலைவு.

நீராவி வந்தபின்

நீராவிக் கப்பல், காற்றுக்குக் காத்திருந்த நிலையை மாற்றிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஒழுங்காகச் செல்லத் தொடங்கின. காப்பி, கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. முதலில் ஒப்பந்த முறையும், பின்னர்க் கங்காணி முறையும் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மக்களைக் கரைக்குக் கொண்டுவந்தன. 1907-ஆம் ஆண்டில் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் பெற்ற வரியைக் கொண்டு ஒரு நிதியை உருவாக்கி, தொழிலாளருக்கு இலவசக் கப்பல் பயணம் அளித்தது. மதராசுக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் பதிவு செய்யப்பட்டு, மருத்துவரால் சோதிக்கப்பட்டு, கப்பலுக்காகத் தங்கவைக்கப்பட்டனர்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணையும் வசதி இல்லை. கப்பல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். மக்கள் படகுகளில் ஏறி, அலையில் ஆடியாடிச் சென்று, கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படியைப் பற்றி ஏறல் வேண்டும். அதுவரை கடலையே காணாத உழவர் குடும்பங்களுக்கு அந்தச் சிறு தொலைவே பயணத்தின் முதற் பேரச்சமாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வழியில் சென்ற கப்பல்களுள் தமிழர் நினைவில் நிலைபெற்றது ரஜூலா. 1926-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகள். தளப் பயணிக்கு அறை இல்லை. விரித்த பாயே அவன் இடம். அதனுடன் பிறந்த ரோனா என்னும் கப்பலும் இதே வழியில் சென்றது. ரோனா, இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26-ஆம் நாள் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் தாக்குதலால் மூழ்கிற்று; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலாவோ போரிலிருந்து மீண்டு, மீண்டும் தன் பழைய வழிக்கே வந்தது.

மணிக்குப் பன்னிரண்டரைக் கடல்மைல் என்னும் வேகத்தில் கணக்கிட்டால், நாகையிலிருந்து பினாங்கிற்கு 1,260 கடல்மைலைக் கடக்க ஏறத்தாழ நூறு மணி நேரம் ஆகும். அதாவது நான்கு நாளும் சில மணியும். வூசிங் கண்ட முப்பது நாள் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ராமசாமி தம் துணைவியார் நாகம்மையாருடன் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது இக்காலத்திலேதான். அறிஞரும் வணிகரும் தொழிலாளரும் ஒரே கப்பலில் வந்தனர். ஆனால், அனைவரும் ஒரே நேரத்தில் கரை சேரவில்லை.

ஜெரஜாக் தீவு

இதுவே கருத்தூன்றி நோக்கத்தக்க செய்தியாகும். காற்றுக்குக் காத்திருந்த காலம் முடிந்ததும், வேறொரு காத்திருப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கப்பலில் அம்மை, வாந்திபேதி போன்ற நோய்கள் தோன்றினால், வந்தவர்கள் பினாங்குத் தீவுக்குக் கிழக்கே உள்ள ஜெரஜாக் என்னும் சிறு தீவில் தொற்றுத் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அறைகளில் பயணம் செய்த செல்வர்கள் நகருக்குள் சென்றுவிட, தளப் பயணிகளான தொழிலாளரே அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கண்ணெதிரே பினாங்கு மலை தெரியும். இடையே ஒரு சிறு நீரிணைதான். ஆயினும், நாள்கள் பல கழிந்த பின்னரே அங்கிருந்து புறப்பட இயலும். கடலில் சென்ற நாள்களைவிட இறங்கிய பின் காத்திருந்த நாள்கள் மிகுதியாதலும் உண்டு.

ஆகவே, பயண நேரம் என்பதை இரு கூறாகப் பிரித்தே காணல் வேண்டும். ஒன்று, நகரும் நேரம். மற்றொன்று, காத்திருக்கும் நேரம். அறிவியல் குறைப்பது முன்னதை மட்டுமே. பின்னதைக் குறைப்பதும் கூட்டுவதும் அரசும் பணமும் சட்டமும்தாம். நகரும் நேரம் எல்லார்க்கும் பொது. கப்பலின் மேல்தளத்தில் இருப்பவனும் கீழ்த்தளத்தில் இருப்பவனும் ஒரே வேகத்தில்தான் செல்கின்றனர். காத்திருக்கும் நேரமோ எளியோர்க்கே மிகுதியாக ஒதுக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக உணர்த்துவது தந்தி. 1870-71-ஆம் ஆண்டுகளில் மதராசுக்கும் பினாங்கிற்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அன்று முதல், ஆள் செல்லக் கிழமைக் கணக்கில் ஆன கடலைச் செய்தி ஒரே நாளில் கடந்தது. வணிகர்க்கு இது பெருநன்மை. செட்டியார்களின் கிட்டங்கிகளில் வட்டி விகிதமும் அரிசி விலையும் உடனுக்குடன் தெரிந்தன. குடும்பத்தவர்க்கோ இது புதியதொரு துயரையும் கொணர்ந்தது. தாய் இறந்த செய்தி அவளுக்குத் தீ மூட்டும் முன்பே வந்துவிடலாம். மகன் மட்டும் போய்ச் சேர முடியாது. அடுத்த கப்பல் வரும் நாள், அதில் இடம் கிடைக்கும் நிலை, கடல் கடக்கும் நாள்கள், நாகையிலிருந்து ஊர் சேரும் நாள் ஆகிய அனைத்தையும் கூட்டினால், கருமாதிக்குக்கூடக் கால் எட்டாது. தோட்டங்களில் இக்கரையிலிருந்தே தலைமழித்து நீராடிக் கடன் முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

அறுந்த வழி

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. மூன்றரை ஆண்டுகளில் போர் வந்தது. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ் டவுன் மீது குண்டு வீசின. தீவின் மக்களுட் பெரும்பாலோர் விமானத்தை ஒரு பகையாகவே முதன்முதலில் நெருங்கிக் கண்டனர். அதன்பின் 1945 வரை நாகைக்கும் பினாங்கிற்கும் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் அனுப்பும் வழியும் இல்லை. தூரம் அதே 2,330 கிலோமீட்டர்தான். கடக்கும் நேரமோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாயிற்று.

அந்நாளிலும் பினாங்கிலிருந்து இந்தியக் கரைக்குச் சென்றவர் சிலர் உளர். பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய விடுதலை வீரர்கள், 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றப்பட்டு, அம்மாத இறுதியில் மலபார்க் கரையில் தானூரில் இறங்கினர், இறங்கியதும் பிடிபட்டனர். அவர்களுள் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்டோர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் மதராசுச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பினாங்கிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற பயணங்களுள் இதைவிடத் துயரமானது பிறிதொன்றைக் காட்டல் அரிது.

போருக்குப் பின் கப்பல் மீண்டும் வந்தது. ஆனால், கடல் பழைய கடலாக இல்லை. 1953-ஆம் ஆண்டில் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. கடவுச்சீட்டும் அனுமதிச் சீட்டும் பயணத்தின் பகுதிகளாயின. 1957-இல் மலாயா விடுதலை பெற்றது; குடியுரிமை பெற்றவர் இந்நாட்டவராயினர். பெறாதவர், பெற விண்ணப்பிக்கத் தெரியாதவர் ஆகியோரின் நிலை 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு இன்றியமையாததாயிற்று. 1969-க்குப் பின் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டு மூட்டை கட்டினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அதே வழியில் அவர்கள் திரும்பினர். அவர்களுக்கு அது ஐந்து நாள் பயணமன்று. வாழ்நாள் முழுவதும் நீண்ட ஒரு பயணத்தின் இறுதிக் கட்டம். திரும்பிச் சென்ற ஊரில் அவர்களை அறிந்தவர் குறைவு. விட்டுச்சென்ற நாட்டில் அவர்கள் பிள்ளைகள் சிலர் தங்கினர்.

ரஜூலா நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்து, 1973-இல் தன் பயணிகள் பணியை முடித்துக்கொண்டது. அதன் இடத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் என்னும் கப்பல் வந்தது. பிரெஞ்சு நாட்டில் பாஸ்டர் என்ற பெயருடன் ஓடிய அக்கப்பலில் குளிர்சாதன வசதியும் நல்ல அறைகளும் இருந்தன. 1984 பிப்ரவரியில் சென்னைக்குச் செல்லும் வழியில் நடுக்கடலில் அது தீப்பற்றிற்று, பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டில் அது உடைக்கப்பட்டது. அதனோடு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்களைச் சுமந்து வந்த இக்கடல்வழி, பயணிகளுக்கு முடிவுற்றது.

வானத்தில் ஒரு வழி

பினாங்கின் விமான வரலாறு 1935-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் விமானத்தளம் அமைந்ததிலிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் டொராடோ என்னும் விமானம் பினாங்கிலிருந்து புறப்பட்டு, மறுநாள் ஹாங்காங்கை அடைந்தது. அதில் இருந்தவை அஞ்சல் மூட்டைகளும் ஒரே ஒரு பயணியும். 1937-இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைத்து விமானம் விட்டது. போருக்குப் பின் 1947-இல் மலாயன் ஏர்வேஸ் தன் பணியைத் தொடங்கியபோது, அதன் விமானத்தில் ஐந்து பேரே அமர இயலும். ஐயாயிரம் பேர் ஏறும் கப்பலையும் ஐந்து பேர் ஏறும் விமானத்தையும் ஒப்பிட்டால், தொடக்கத்தில் வான்வழி யாருக்காக அமைந்தது என்பது விளங்கும். அது அஞ்சலுக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாயிருந்தது. தோட்டத் தமிழன் அண்ணாந்து பார்த்த பொருள் அது. ஏறிச் சென்ற பொருளன்று.

பின்னர் விமானங்கள் பெருத்தன. கட்டணம் படிப்படியாகத் தாழ்ந்தது. கப்பல் நின்றுபோனபின் விமானம் ஒன்றே வழியாயிற்று. ஆயினும், பினாங்குத் தமிழர் பலர் தமிழ்நாட்டுக்குச் செல்வதற்குக் கோலாலம்பூர் சென்று அல்லது சிங்கப்பூர் சென்று விமானம் மாறியே சென்றனர். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் கப்பலுக்கு மலாயாவின் முதல் வாயிலாக இருந்த நகரம், வான்வழிக் காலத்தில் பக்கவாயிலாயிற்று. மேற்கே செல்ல வேண்டியவர் முதலில் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்வர். அங்கே அடுத்த விமானத்திற்காக மணிக்கணக்கில் அமர்ந்திருப்பர். காற்றுக்கும் ஜெரஜாக்கிற்கும் பின், மூன்றாவது காத்திருப்பு இவ்வாறு அமைந்தது.

2024 டிசம்பர் 21-ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்கிற்கும் நேரடி விமானப் பயணத்தைத் தொடங்கிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் விமானம் இக்கடலைக் கடந்துவிடுகிறது. முப்பது நாளை மணியாக்கினால் 720, நீராவிக் கப்பலுக்கு ஏறத்தாழ 100, விமானத்திற்கு 4. வூசிங் ஒரு திங்கள் முழுவதும் கண்ட கடலை, இன்றைய பயணி ஓர் உறக்கத்தில் கடந்துவிடுகிறார்.

இங்கே கடிகாரம் செய்யும் ஒரு விளையாட்டையும் குறிப்பிடல் தகும். இந்திய நேரத்திற்கும் மலேசிய நேரத்திற்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு உள்ளது. சென்னையில் இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறப்பவர், பினாங்கில் இறங்கும்போது சுவர்க் கடிகாரம் எட்டரை காட்டும். ஆறரை மணி நேரம் ஆனது போலத் தோன்றும். பினாங்கில் காலை ஒன்பதுக்குப் புறப்படுபவரோ சென்னையில் பத்தரைக்கே இறங்கிவிடுவார். ஒன்றரை மணியில் கடல் கடந்தது போலத் தோன்றும். இவ்வேறுபாடும் நிலையானதன்று. 1981 இறுதி வரை அது இரண்டு மணியே. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்தள்ளி வைக்கப்பட்டபோது, ஒரு கிலோமீட்டர்கூட நகராமலே இரு கரைகளும் அரை மணி விலகின. கப்பற் பயணிக்கு இத்தொல்லை இல்லை. கப்பலின் கடிகாரம் கிழக்கே செல்லச் செல்லச் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். உடலும் உள்ளமும் அதனோடு இசைந்துவரும். விமானமோ உடலை முன்னே இறக்கிவிட்டு உள்ளத்தைப் பின்னே வரச் சொல்கிறது.

குறைந்ததும் கூடியதும்

நேரம் குறைந்ததனால் விளைந்த நன்மைகள் பல. நோயுற்ற தாயைக் காண மகள் மறுநாளே செல்லலாம். திருமணத்திற்குச் சென்று அவ்வாரத்திலேயே வேலைக்குத் திரும்பலாம். மருத்துவம், கல்வி, வணிகம், கோயில் வழிபாடு ஆகிய யாவும் எளிதாயின. தந்தி கண்டு அழுது அமர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இறுதிக் கடனாற்றும் பேறு வாய்த்திருக்கிறது. இது சிறிய நன்மையன்று.

ஆயினும், வழி நெருங்கிய காலத்தில் ஊர் தொலைந்துவிட்டது என்பதையும் மறுத்தல் இயலாது. கப்பலில் வந்தவனுக்குத் தன் ஊரின் பெயர், வட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர், குலதெய்வத்தின் பெயர் ஆகிய யாவும் தெரிந்திருந்தன. செல்வதற்குத்தான் வழி இல்லை. அவன் கொள்ளுப்பேரனுக்குச் செல்வதற்கு வழி இருக்கிறது. எந்த ஊருக்குச் செல்வது என்பதுதான் தெரியவில்லை. சென்னையில் இறங்கிக் கடைத்தெருவில் துணி வாங்கி, பெருங்கோயில்கள் நான்கைக் கண்டு திரும்பும் பயணி, தன் பாட்டன் புறப்பட்ட சிற்றூரின் பக்கமாகவே பேருந்தில் கடந்து சென்றிருக்கலாம், அறியான். நூறு மணி நேரத்தை நான்காகக் குறைத்த பொறியாளன் இந்தக் குறையைத் தீர்த்தல் இயலாது. இதைத் தீர்ப்பவை இல்லங்களில் எஞ்சியிருக்கும் பழைய தாள்களும் முதியோரின் நினைவுமே.

பழைய சிவப்பு அடையாளச் சீட்டுகள், கப்பல் சீட்டின் அடித்தாள்கள், பழைய கடவுச்சீட்டுகள், ஊரிலிருந்து வந்த நீலநிற வான்அஞ்சல் தாள்கள் ஆகியவற்றைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அப்பெட்டி திறக்கப்படாமலே குப்பைக்குச் செல்லும் நாளும் உண்டு. அதில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்று, விமானச் சீட்டைவிட மதிப்புடையது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவைத்தால் போதும்: எந்த ஊரிலிருந்து வந்தனர்? எந்தக் கப்பலில் வந்தனர்? இறங்கியபின் எங்கே, எத்தனை நாள் காத்திருந்தனர்? இம்மூன்றும் ஒரு குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும். அவற்றைக் கூறக்கூடியவர் தொகையோ ஆண்டுதோறும் அருகி வருகிறது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஜெரஜாக் தீவு இருக்கிறது. வடகிழக்கிலிருந்து தரையை நோக்கித் தாழ்ந்துவரும் விமானத்தின் சாளரத்தில், கிழக்குப் பக்கம் அமர்ந்திருப்பவர்க்கு அது பச்சை மரங்கள் அடர்ந்த ஒரு சிறு மேடாகத் தோன்றும். நான்கு மணியில் வந்து இறங்குபவரின் முன்னோர் அங்கே நாள்களை எண்ணிக்கொண்டு அமர்ந்திருந்திருக்கலாம். விமானம் அத்தீவைக் கடந்துபோக ஒரு நிமிடமும் ஆகாது. அந்த நிமிடத்தில் அத்தீவின் பெயரைத் தன் பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோர் ஒருவரேனும் அவ்விமானத்தில் இருத்தல் வேண்டும்.